வெளுத்த இமைக்குச் சிவப்பு டானிக் மருந்தாகாது

இரத்தசோகை ஒரு நோயின் பெயரன்று. வேறொரு நோய் உடலுக்குள் இருப்பதைக் காட்டும் அடையாளம் அது. மலையாளத்தில் அதற்கு வழங்கும் 'விளர்ச்ச' என்னும் சொல்லுக்கும், சித்த மருத்துவத்தின் 'பாண்டு' என்னும் சொல்லுக்கும் வெளிறல் என்பதே பொருள். கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பழஞ்சொற்கள் பெயராக்கின. காரணத்தைத் தேடும் பொறுப்பை மருத்துவனிடம் விட்டன. இன்றைய கால்நடை மருத்துவ நடைமுறையோ வெளிறலையே நோயாக்கி, அதற்கு ஒரு சிவப்புப் புட்டியை மருந்தாக்கி, அத்துடன் தன் கடமை முடிந்ததென்று கையைக் கழுவிக்கொள்கிறது. இதன் விலையைக் கொடுப்பவர்கள் பாலக்காட்டின் அட்டப்பாடியிலும் இடுக்கியின் மறையூர், சின்னார்ப் பகுதிகளிலும் ஐந்தாறு வெள்ளாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் நடப்பது எல்லோரும் அறிந்ததே. ஓர் ஆடு மந்தையின் பின்னால் தங்குகிறது. மயிர் பொலிவிழக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்குகிறது. கீழிமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பு இருக்கவேண்டிய இடம் வெள்ளைத்தாளைப் போல் இருக்கிறது. உடனே கடையிலிருந்து இரும்புச்சத்து டானிக் வருகிறது. கொஞ்சம் வசதியிருந்தால் இரும்பு ஊசியும் வருகிறது. சில நாள்களில் ஆடு சாகிறது. "சத்துக் குறைவு" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. செத்த ஆட்டின் நான்காம் இரைப்பையை யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை. அறுத்துப் பார்த்திருந்தால் காரணம் அங்கேயே நெளிந்துகொண்டிருப்பதைக் கண்டிருக்கலாம்.

அந்தக் காரணத்தின் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. இரத்தம் நிறைந்த சிவந்த குடலும் வெண்ணிறக் கருப்பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதால், மேலைநாட்டு முடிதிருத்தகங்களின் வாசலில் நிற்கும் சிவப்பு வெள்ளைக் கம்பத்தின் பெயரை இதற்கு ஆங்கிலத்தில் இட்டார்கள். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடிக்கும். கேட்கச் சிறிய அளவுதான். ஆனால் ஓர் ஆட்டின் வயிற்றில் 1,000 புழுக்கள் இருந்தால் நாளுக்கு 50 மில்லிலிட்டர். 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே சுமார் 1.4 லிட்டர்தான். பத்து நாளில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசிந்துபோகும். எலும்பு மச்சை எவ்வளவு விரைந்து வேலை செய்தாலும் இந்தக் கணக்கை ஈடுகட்ட முடியாது. இரத்தத்தோடு புரதமும் போவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது. இந்த நிலையில் வாய்வழியே இரும்பை ஊற்றுவது, அடிப்பகுதி ஓட்டையான குடத்தில் நீர் மொள்ளும் வேலை.

புழுவின் இனப்பெருக்கம் இதனினும் அச்சுறுத்துவது. ஒரு பெண்புழு நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். அந்த 1,000 புழுக்களில் பாதி பெண் என்று கொண்டாலும், நோயுற்ற ஒரே ஆட்டின் புழுக்கை வழியாக ஒரு நாளில் 25 இலட்சம் முட்டைகளேனும் மேய்ச்சல் நிலத்தில் விழுகின்றன. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அவை தொற்றும் பருவத்து இளம்புழுக்களாகி, புல்லின் அடிப்பகுதியில் சில அங்குல உயரம் வரை ஏறிக் காத்திருக்கும். மேயும் ஆட்டின் வயிற்றை அடைந்த மூன்று வாரங்களில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கிவிடும்.

இங்கே முதல் கேள்வி எழுகிறது. புழு புல்லின் அடியில் இருக்கிறது. ஆனால் வெள்ளாடு இயல்பில் புல்மேயும் விலங்கா? இல்லை. அது தழை கடிக்கும் விலங்கு. பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை மரத்தில் ஊன்றி, புதரின் நுனியையும் மரத்தின் கீழ்க்கிளையையும் தேடிப்போவது அதன் வழக்கம். தழை கடிக்கும் உயரத்தில் இளம்புழு இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வெள்ளாட்டைக் காத்த கவசம் மருந்தன்று, அதன் மேய்ச்சல் பழக்கம்தான். செம்மறியைப் போலப் புழுவை எதிர்க்கும் வலுவை வெள்ளாட்டின் உடல் வளர்த்துக்கொள்ளாததற்கும் இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது: எதிரியை அதிகம் சந்திக்காத உடலுக்குப் போர்ப்பயிற்சி தேவைப்படவில்லை.

அந்தக் கவசத்தைக் கழற்றியது யார்? காட்டோரம் வேலியிடப்பட்டது. தரிசு நிலம் கைமாறியது. ஆடு காட்டின் பகை என்னும் எண்ணம் வனக்காப்பின் பெயரால் வேரூன்றியது. இருளரும் முடுகரும் குறும்பரும் மேய்த்த ஆடுகள் சரிவுகளிலிருந்து இறக்கப்பட்டு, சாலையோரத்திலும் ஊர்ப் புறம்போக்கிலும் ஒரே துண்டுப் புல்லைத் திரும்பத் திரும்பக் கடிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டன. புதரைப் பறித்துவிட்டுப் புல்லைக் கொடுத்தவர்கள், பிறகு ஆடு வெளிறுவதைக் கண்டு டானிக்கைக் கொடுக்கிறார்கள். இதை மருத்துவம் என்று அழைப்பதற்கு முன் சற்றுத் தயங்கவேண்டும்.

அட்டப்பாடிக் கருப்பு ஆடு பெயரளவிலான நாட்டு ஆடன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் தனி இனமாகப் பதிவு செய்த ஆடு அது. மலபாரியும் அதுவுமே கேரளத்தின் பதிவு பெற்ற வெள்ளாட்டு இனங்களாக அறியப்படுபவை. மெலிந்த கால், கருமயிர், மேடுபள்ளத்தில் நாள் முழுதும் நடக்கும் திறன், கிடைத்ததைக் கடித்து உயிர்வாழும் உரம் ஆகியவை அதன் உடைமை. மலையக வாழ்க்கையில் அது வங்கிக் கணக்குக்கு நிகர். மருத்துவச் செலவுக்கு ஒரு கிடா; பள்ளிச் செலவுக்கு ஒரு குட்டி. பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருக்கும் சேமிப்பு இது. ஆடு செத்தால் சாவது ஒரு விலங்கு மட்டுமன்று. அந்த வீட்டுப் பெண்ணின் கையில் இருந்த ஒரே பணமும் சாகிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவன நான்கு. நான்கையும் எடுத்துப் பார்ப்பது நியாயம்.

முதலாவது: "இரும்பு கொடுப்பதால் தீங்கொன்றும் இல்லையே." தீங்கு உண்டு. இரத்தம் குறைவதற்கு மூன்று வழிகள் உள்ளன: இரத்தம் உடலைவிட்டு வெளியேறலாம், உடலுக்குள்ளேயே சிதையலாம், அல்லது உற்பத்தியாகாமல் போகலாம். புழு குடிப்பது முதல்வகை. அதில் இரும்பும் இழக்கப்படுவது உண்மை; புழுவை அகற்றிய பின்னர் இரும்பும் புரதமும் கொடுப்பது ஆடு தேற உதவும். ஆனால் உண்ணி பரப்பும் தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்குவது இரண்டாம் வகை. அங்கே சிவப்பணு உடலுக்குள்ளேயே உடைகிறது. அதிலிருந்த இரும்பு பெருமளவு உடலிலேயே தங்குகிறது. இரும்புக்குப் பஞ்சமில்லாத உடலில் இரும்பை ஏற்றுவதால் ஒரு பயனும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, டானிக் காலத்தைத் தின்கிறது. காரணத்தைத் தேடியிருக்கவேண்டிய ஐந்து நாள்களை "மருந்து கொடுத்தாயிற்று" என்ற நிம்மதி விழுங்கிவிடுகிறது. முற்றிய இரத்தசோகையில் ஐந்து நாள் என்பது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தொலைவு.

இரண்டாவது: "மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் போதும்." இது டானிக்கைவிட ஆபத்தான அரைகுறை அறிவு. ஒரு மந்தையில் புழுச்சுமை எல்லா ஆட்டிலும் ஒரே அளவாக இருப்பதில்லை; ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளே பெரும்பங்கு புழுக்களைச் சுமக்கின்றன. எல்லா ஆட்டுக்கும் ஒருசேர மருந்து ஊற்றினால், பிழைத்து நிற்பவை மருந்துக்கு அடங்காத புழுக்கள் மட்டுமே. அடுத்த தலைமுறை முழுதும் அவற்றின் வழித்தோன்றலாகிறது. இது வெறும் ஊகமன்று. தயாபென்டசோல் 1961இல் சந்தைக்கு வந்தது. அதை மீறும் ஹீமாங்கஸ் 1964இலேயே அமெரிக்காவின் கென்டக்கியில் பதிவாகிவிட்டது. 1981இல் வந்த ஐவர்மெக்டின், அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசை ஈட்டித் தந்தது. ஆனால் ஆட்டுப்புழு பரிசுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே தென்னாப்பிரிக்காவில் அது ஐவர்மெக்டினை வென்றுவிட்டது. அல்பெண்டசோல் குடும்பத்து மருந்துகளுக்குப் புழுக்கள் அடங்காமை தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலும் பதிவாகியுள்ளது.

இதில் மொழியின் ஒரு கண்ணியும் இருக்கிறது. தமிழில் 'ஆடு' என்றால் செம்மறியும் ஆடு, வெள்ளாடும் ஆடு. மருந்தளவு சொல்லும்போதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் வெள்ளாட்டின் கல்லீரல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட விரைந்து சிதைத்து வெளியேற்றும். ஆகவே பல புழுமருந்துகளில் வெள்ளாட்டுக்குச் செம்மறியின் அளவைப்போல ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ தேவைப்படுகிறது. எந்த மருந்துக்கு எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்லவேண்டும். ஏனெனில் லெவாமிசோல் போன்றவற்றில் அளவு மிஞ்சினால் நஞ்சு, சினையின் தொடக்க நாள்களில் அல்பெண்டசோல் கொடுத்தால் கருவுக்குக் கேடு. ஆனால் நடப்பதென்ன? எடை பார்க்காமல், கண்ணளவில், செம்மறியின் அளவில், எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி. புழுவைக் கொல்லாமல் பழக்கப்படுத்தும் அளவு அது.

அந்த நாட்காட்டியும் யாருடைய வானத்தைப் பார்த்து எழுதப்பட்டது? அட்டப்பாடியின் மேற்குப்பகுதி தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. கிழக்கே சோலையூர், ஆனைகட்டிப் பக்கம் மழைமறைவு நிலம். சின்னாரும் மறையூரின் கீழ்ச்சரிவும் வறண்டவை; அங்கிருந்து சற்றே மேலேறினால் மூணாறு குளிரும் சாரலுமாக இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையின் கரிசலும் குமுளியின் ஏலக்காட்டு ஈரமும் ஒன்றல்ல. புழுவின் முட்டை பொரிவது அரசாணையின் தேதிப்படியன்று. வெப்பமும் ஈரமும் கூடும் நாளில். ஒரே மாவட்டத்துக்குள் நான்கு மழை பெய்யும் நிலத்தில் ஒரே தேதியில் மருந்து கொடுப்பது, வறண்ட இடத்தில் வீண். ஈரமான இடத்தில் தாமதம்.

மூன்றாவது: "ஆய்வகம் தொலைவில் இருக்கிறது, மருத்துவர்கள் குறைவு, மலையில் இதெல்லாம் நடக்காது." மலையில் நடப்பதற்கென்றே ஒரு முறை உருவாக்கப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலன் வகுத்த வண்ண அட்டை அது; அவருடைய பெயரை ஒட்டியே ஃபமாச்சா என்று வழங்குகிறது. அட்டையில் செஞ்சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறங்கள். ஆட்டின் கீழிமையின் உட்புறத்தை விலக்கி நிறத்தை ஒப்பிடவேண்டும். முதலிரு நிறங்களானால் மருந்து வேண்டாம். கடைசி இரண்டானால் உடனே வேண்டும். நடுநிலையானால் ஆட்டின் நிலையைப் பொறுத்து முடிவு. மின்சாரம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், பட்டம் வேண்டாம். மழைக்காலத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை பகல்வெளிச்சத்தில் பார்த்தால் போதும். மருந்து தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் போவதால் பணம் மிச்சமாகிறது. மற்ற ஆடுகளில் உள்ள அடங்கும் புழுக்கள் உயிரோடு இருந்து, அடங்காத புழுக்களின் பெருக்கத்தை நீர்க்கச் செய்கின்றன. அடிக்கடி வெளிறும் ஆட்டை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிட்டால் மந்தையே வலுப்பெறுகிறது. ஆட்டின் ஒவ்வொரு அசைவையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும் ஒரு மலைவாழ் பெண்ணால் இதைச் செய்யமுடியாது என்பவர்கள், அவளை ஒருநாளும் மேய்ச்சலில் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

அட்டைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாகவேண்டும். வெளிறலை அது காட்டும். வெளிறலின் காரணத்தைக் காட்டாது. உண்ணிக்காய்ச்சலும் கல்லீரல் தட்டைப்புழுவும் இமையை வெளுக்கச் செய்யும். ஆகவே அட்டைக்குப் பின்னால் ஒரு நுண்ணோக்கி நிற்கவேண்டும்: புழுக்கையில் முட்டையை எண்ணவும், ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிப் பார்க்கவும். இடுக்கியின் கறவை மாடுகளுக்கு இது இன்னும் அவசியம். 1963இல் தொடங்கிய இந்திய சுவிஸ் கூட்டுத்திட்டம் மாட்டுப்பட்டியில் வைத்து சுனந்தினி என்னும் கலப்பினத்தை உருவாக்கியது. பால் பெருகியது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உண்ணியும் அது சுமக்கும் நோயும் கலப்பின மாட்டை நாட்டு மாட்டைவிடக் கடுமையாகத் தாக்குகின்றன. கோப்பி நிறத்தில் சிறுநீர் கழியும் மாட்டுக்கும் புழுவால் வெளிறிய ஆட்டுக்கும் ஒரே டானிக் என்றால், அங்கே நோயறிதல் என்ற ஒன்றே நடக்கவில்லை என்று பொருள்.

நான்காவது: "நாட்டு ஆட்டை விடுத்து, எடை கூடிய வெளியூர் இனத்தைக் கொண்டுவந்தால் வருமானம் கூடும்." இதற்கான மறுமொழியை ஆண்டிஸ் மலையின் அல்பாகா சொல்லும். உயரமும் குளிரும் வறட்சியும் கூடிய மேட்டுநிலத்தில் வாழப் பழகிய விலங்கு அது. நீள்வட்டச் சிவப்பணுக்கள் கொண்ட ஒட்டகக் குடும்பம். கம்பளிக்காக அதை அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களின் வெப்பமும் ஈரமும் நிறைந்த புல்வெளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதன் உயிரைக் குடிக்கும் முதன்மையான எதிரியாக நின்றது இதே ஹீமாங்கஸ். அல்பாகாவுக்கெனத் தனியாக வேறொரு நுண்ணுயிரும் உண்டு. சிவப்பணுவின் மேல் ஒட்டி வாழும் மைக்கோபிளாஸ்மா வகை. ஆகவே வெளிறிய அல்பாகாவைக் கண்டால் அங்குள்ள மருத்துவர்கள் இமையைப் பார்க்கிறார்கள், சிவப்பணுவின் விழுக்காட்டை அளக்கிறார்கள், புழுமுட்டையை எண்ணுகிறார்கள், இரத்தத்தடவலைப் பார்க்கிறார்கள். அளவு மிகவும் தாழ்ந்திருந்தால் வேறொரு அல்பாகாவின் இரத்தத்தை ஏற்றிய பிறகே மற்ற மருந்துகளின் பலனுக்குக் காத்திருக்கிறார்கள். விலையுயர்ந்த கம்பளி விலங்கு என்பதால் அதற்குக் காரணம் தேடப்படுகிறது. ஏழையின் ஆட்டுக்கு நிறமேற்றிய சர்க்கரைப்பாகு போதும் என்று யார் தீர்மானித்தது?

இரத்தமேற்றுதல் ஆட்டுக்கும் எட்டாத சிகிச்சையன்று. நலமான பெரிய ஆட்டிலிருந்து உறையாமல் காக்கும் பையில் இரத்தம் எடுத்து, முதல்முறையாகப் பெறும் ஆட்டுக்கு மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் கடும் எதிர்விளைவு வருவதில்லை. தேவை ஒரு பை, ஒரு குழாய், ஒரு மருத்துவர், ஒரு மணிநேரப் பொறுமை. அது இயலாத இடத்தில் குறைந்தபட்சம் செய்யக்கூடாததையாவது சொல்லித்தரலாம்: இமை வெளுத்த ஆட்டை மருந்தகத்துக்கு மைல்கணக்கில் நடத்திக்கொண்டு போகக்கூடாது. இரத்தமில்லாத உடல் வழியிலேயே விழுந்துவிடும். மருந்தும் மருத்துவரும்தான் ஆட்டிடம் வரவேண்டும்.

இதே மண்ணில் இதே பிழை மனிதரிடத்திலும் நிகழ்ந்திருக்கிறது என்பதே இதன் ஆழம். 2013இல் அட்டப்பாடியின் பச்சிளங்குழந்தைகளின் சாவுகள் நாடெங்கும் பேசப்பட்டன. தாய்மாரின் ஊட்டக்குறைவும் இரத்தசோகையும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. இரும்பு மாத்திரைகள் தேவைதான். ஆனால் அட்டப்பாடியில் கதிர் அரிவாள் அணுச்சோகையும் உண்டு. அந்த மரபுநோயை இரும்பு மாத்திரை குணப்படுத்தாது. ராகியும் சாமையும் துவரையும் விளைந்த நிலம் கைவிட்டுப்போனதால் வந்த பசியையும் அது தீர்க்காது. நிலம் போனது மனிதருக்கு உணவில் குறைந்தது. ஆட்டுக்குத் தழையில் குறைந்தது. இரண்டு இடத்திலும் வந்து சேர்ந்தது வெளிறல். இரண்டு இடத்திலும் அரசின் கை முதலில் நீண்டது இரும்பை நோக்கி. காரணத்தைத் தேடினால் நிலத்தைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். மாத்திரையும் டானிக்கும் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட உதவுகின்றன.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை, செலவு குறைந்தவை. எல்லையோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஆடு வளர்க்கும் பெண்களுக்கு இமை நிற அட்டையும் அதைப் பார்க்கும் பயிற்சியும், மலையாளத்திலும் தமிழிலும் அவரவர் பேசும் மொழியிலும் தரப்படவேண்டும். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் நுண்ணோக்கியும் சாயமும் பயன்பாட்டில் இருக்கவேண்டும்; அலமாரியில் பூட்டி வைக்கப்பட்ட நுண்ணோக்கி கணக்கில் சேராது. மருந்து கொடுத்த இரு வாரத்துக்குள் மீண்டும் முட்டையை எண்ணி, அந்தப் பகுதியில் எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்பதை ஊரறிய அறிவிக்கவேண்டும். எடைக்கருவி இல்லாமல் மருந்தளவு தீர்மானிக்கக்கூடாது. அட்டப்பாடிக் கருப்பினத்தின் ஆடுகளில் புழுவைத் தாங்கி நிற்பவற்றைக் கண்டறிந்து இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கவேண்டும். வெளியூர் ஆட்டை விநியோகித்துக் கணக்குக் காட்டுவது வளர்ச்சியாகாது. எல்லாவற்றுக்கும் முதலாக, வன உரிமைச் சட்டம் 2006 ஏற்றுக்கொண்ட மேய்ச்சல் உரிமை காகிதத்திலிருந்து சரிவுக்கு வரவேண்டும். ஆடு தழைக்குத் திரும்பினால் புழுவின் வழி பாதி அடைபடும்.

இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் அடுத்த நிதியாண்டிலும் டானிக் கொள்முதலுக்கு ஒப்பந்தம் கோரப்படுமானால், அதற்குச் சிகிச்சை என்று பெயரிடவேண்டாம். புட்டிகள் தீர்ந்துகொண்டே இருக்கும், ஆடுகளும் தீர்ந்துகொண்டே இருக்கும், இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் இருப்பதால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட யாருக்கும் தோன்றாது. அந்த இரு பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்து வைக்கும்படி ஆடு வளர்ப்போர் கேட்கவேண்டும். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. செத்தவை அவர்களுடைய ஆடுகள்.